குப்பம்மாளின் படகை அவிழ்த்துவிட்டது

ஐப்பசி 2, செவ்வாய்.

வாடைக் காற்று. மழை வருவேன் வருவேன் என்று போக்குக் காட்டிவிட்டு வரவில்லை. கோட்டைக் கிடங்கில் நாள் முழுக்கத் துணிப்பொதி கட்டல். ஒல்லாந்தர் கப்பலுக்கு அவசரமாம். அவசரம் கப்பலுக்கு, கொப்புளம் எனக்கு.

வீட்டுக்கு வந்தால் மருத்துவச்சி குப்பம்மாள். பசியாவரம் தீவிலிருந்து தானே படகு தள்ளிக்கொண்டு வருகிறவள். செவ்வாய்தோறும் எங்கள் கோட்டைக்குப்பம். மற்ற நாளில் மற்ற குப்பங்கள். வலி கண்ட பிறகு மட்டும் வருகிறவள் இல்லை. மாதக்கணக்கில் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், இன்னா தின்னே, எப்படித் தூங்கினே என்று துருவுவாள்.

மகள் எல்லம்மாள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். போன தடவை, புருஷன் ஊரில், பிள்ளை தங்கவில்லை. உதிரம் நிற்காமல் அவளே போகப் பார்த்தாள். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை. எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டு கருவாட்டைப் பற்றிப் பேசுகிறோம்.

ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தலை எது, கால் எது என்று கைக்கு எப்படித் தெரியும்? கேட்டே விட்டேன்.

"நீ பொதியத் தொட்டு உள்ள சேலையா உருமாலானு சொல்றியே, அப்படித்தான் அண்ணாத்தே. போய் வேலையப் பாரு."

நான் பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வேன்.

ஐப்பசி 6, சனி.

தூறல். குப்பம்மாள் கேட்டவை:

வெளுத்த பழந்துணி - கிடங்கில் கழித்தது. கேட்டு வாங்கினேன், திருடவில்லை.
சுக்கு, மிளகு, நல்லெண்ணெய் - ஆச்சு.
பால்சுறாக் கருவாடு, தாய்க்குப் பால் ஊற - ஆச்சு. பூனையும் பார்த்தாச்சு.

கோட்டையில் ஒல்லாந்தர் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாசியிடம் விசாரித்தேன், ஒல்லாந்து வைத்தியருக்குப் பிரசவம் பார்க்கத் தெரியுமா என்று.

"கால வெட்டுவாரு, பல்லப் புடுங்குவாரு. உனுக்கு எது வேணும்?"

எதுவும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஐப்பசி 9, செவ்வாய்.

விடியலில் வலி. நல்ல வேளை, குப்பம்மாள் வரும் நாள். கரையில் முளைக்குச்சியில் படகைக் கட்டிவிட்டு ஓடி வந்தாள்.

பிரசவ வீட்டில் முடிச்சே இருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இருந்தால் பிள்ளை சிக்கிக்கொள்ளுமாம். மனைவி கன்னியம்மாள் உத்தரவு:

"யோவ், நாளெல்லாம் கட்டறே இல்ல? இன்னிக்கு ஒண்ணு வுடாம அவுத்து வுடு."

அவிழ்த்தேன். கொடிக்கயிறு. உறி. ஆடு (நேரே அடுத்த வீட்டுக் கீரைக்குப் போயிற்று). வலை. என் குடுமி. அரைஞாணில் கை வைத்தபோது, "அத்த வுடுய்யா!" உள்ளே எல்லம்மாள் "நைனா, நைனா" என்று கத்துகிறாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கரைக்குப் போனேன். அங்கே ஒரு முடிச்சு. அதையும்.

உச்சி வேளை. பெண் குழந்தை. அழுதது. நானும்.

குப்பம்மாள் கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு கிளம்பினாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"எம் படகு எங்க?"

"முடிச்சு... அவுத்தேன்."

"புள்ள பொறக்கறது எம் படகுலயாய்யா? உன்னிய..." மீதியை எழுதினால் காகிதம் கறுத்துவிடும்.

வேறு படகு பார்க்கத் திரும்பினேன். உள்ளே கன்னியம்மாள் அலறல். உதிரம். போன தடவை போலவே. குப்பம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஓடினாள். தட்டிக்கு இந்தப் பக்கம் நான். அவள் குரல் மட்டும்.

"வவுத்த அமுக்கிப் புடி. இங்க. கெட்டியா. புள்ளைய மார்ல போடு. எல்லம்மா, கண்ணத் தொற. என்னியப் பாரு."

எவ்வளவு நேரமோ. அவிழ்க்க எதுவும் மிச்சமில்லை.

பிறகு எல்லம்மாள்: "தண்ணி."

ஐப்பசி 10, புதன்.

படகு தெற்கே சேற்றில் தட்டி நின்றது. சுற்றிலும் பூநாரைகள், ஏதோ அவற்றுக்குச் சீதனம் வந்ததுபோல. இடுப்பளவு சேற்றில் இழுத்து வந்தேன். எல்லம்மாள் கஞ்சி குடித்தாள். இரண்டாம் தடவையும் கேட்டாள்.

குப்பம்மாளிடம்: "படகு இருந்திருந்தா போயிருப்பே, இல்ல?"

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "போயிருப்பேன்." பிறகு: "இனிமே எந்த வூட்லயும் பொழுது சாயாம கெளம்ப மாட்டேன். அதுக்குனு எம் படகத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்."

முடிச்சை அவிழ்த்ததால்தான் பிள்ளை வந்ததா? அதையும் கேட்டேன்.

"வராம இன்னா பண்ணும்?"

இது பதிலா? யோசித்துப் பார்க்கிறேன்.

ஐப்பசி 25, வியாழன்.

நல்ல மழை. ஆடு இன்னும் கீரை ருசியை மறக்கவில்லை. தீட்டுக் கழிந்தது. தூளி கட்டச் சொன்னார்கள். கப்பலேறும் பொதிக்குப் போடும் முடிச்சு போட்டு, தொங்கிப் பார்த்தேன். எல்லம்மாளுக்குச் சிரிப்பு.

"நைனா, இது ஒல்லாந்துக்குப் போற பொதி இல்ல."

எங்கேயும் போகக் கூடாது. அதனால்தான் இறுக்கிப் போட்டேன்.