பக்கத்து மனைக் குழி கான்கிரீட்டை விழுங்குவது குறித்து

அனுப்புநர்:
சி. ஐயாவு,
ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர்,
புந்தோங், ஈப்போ.

பெறுநர்:
மாநகர் மன்ற உறுப்பினர் அவர்கள்,
புந்தோங் வட்டாரம், ஈப்போ.

பொருள்: பக்கத்து மனையில் வியாழக்கிழமை தொடங்கவிருக்கும், தூண்களை நிலத்தில் அடித்து இறக்கும் பைலிங் வேலையை நிறுத்தி, நிலத்தைச் சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஈரேழு உலகத்திலும் எவரும் நம்பாத கதையொன்றைத் தங்கள் முன் வைக்கிறேன் என்று சத்தியம் செய்தே தொடங்குகிறேன்.

1. எங்களுடையது ஒரே நடுச்சுவரைப் பகிரும் இரட்டை வீடு. மறுபாதிக்கு உரியவரான பக்கத்து வீட்டுத் தம்பி ரூபன், மாடி வீடு கட்டுவதற்காகச் சென்ற மாதம் தம் பாதியை இடித்தார். அன்று எழுந்த தூசியில் கிந்தா மலைகள் மூன்று நாள் காணாமல் போயின. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

2. பிறகு நடுச்சுவரை ஒட்டித் தூணுக்குக் குழி தோண்டினார்கள். சாயங்காலம் ஒரு லோரி கான்கிரீட் ஊற்றி நிரப்பினார்கள். காலையில் பார்த்தால் வெறுங்குழி. மறுநாள் இன்னொரு லோரி, அதுவும் போயிற்று. இது ஈயம் தோண்டிய, அடியில் பொந்துகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை நிலம் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தக் கான்கிரீட் பாதாள வழியாக லூமுட் துறைமுகத்தில் வெளிப்பட்டு, கப்பலொன்றை அசையவிடாமல் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்வி.

3. ரூபனிடம் முறையிட்டேன். "லோரில புலிய ஏத்திகிட்டு வந்தீங்களே, அந்தக் கதைய விட இது நல்லா இருக்கு லா அங்கிள்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். வீடு கட்டும் குத்தகையாளரோ குழியின் வாயைப் பலகை போட்டு மூடிவிட்டார்.

4. நடுச்சுவரில் விழுந்த விரிசல் இப்போது எங்கள் குசினித் தரையிலும் இறங்கிவிட்டது. மகள் விமலா வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனைவி காளியம்மாவிடம் மன்றாடினேன். "நாப்பது வருசமா நீங்க சொன்னதுல எது நடந்திருக்கு? நான் வரல" என்றவள், விரிசலின் மேல் பாயை விரித்து, அதிலேயே உட்கார்ந்து மீன் அரிகிறாள்.

ஐயா, என் வாய்க்கு இந்த ஊரில் மதிப்பில்லை. தங்கள் முத்திரைக்கு உண்டு. வியாழனன்று பைலிங் இயந்திரம் வருகிறது. அதற்குள் வேலையை நிறுத்திப் பொறியாளர் ஒருவரை அனுப்புங்கள். நாங்கள் இருவரும் வீட்டைக் காலி செய்ய வேண்டுமென்று காளியம்மா பெயருக்கே ஓர் உத்தரவும் எழுதித் தாருங்கள். என்னை நம்பாதவள் அந்தத் தாளை நம்புவாள்.

இடம்: புந்தோங்
நாள்: 12.08.2024

தங்கள் தயவை எதிர்நோக்கும்,
சி. ஐயாவு

பி.கு.: கிந்தா மலைகள் எங்கும் போகவில்லை. லூமுட் கப்பல் என் கைச்சரக்கு. கான்கிரீட்டும் இரண்டு லோரி அல்ல, ஒன்றுதான். அந்த ஒன்று போனது மெய். குசினியில் நின்றால், அடியில் ஏதோ உதிர்ந்துகொண்டே இருப்பது கேட்கிறது.