சோத்துத் திருடனுக்கு மரியாதை

ஃபாதியூத் தீவு, செனகல்
8 பிப்ரவரி 1994

அன்பு மகள் தெனிங்குக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். என் எழுத்துப் பிழைகளைப் பார்த்துச் சிரிக்கவாவது படிப்பாய்.

தன் மகன் அன்சுவுக்கு உன்னைப் பெண் கேட்டுப் பிரான்சின் மார்செய்யிலிருந்து வந்த ஜாட்டாவை நான் அவமதித்தேன் என்கிறாய். கண்ணு, அவர் ஜோலா இனம், நாம் செரேர் இனம். சங்கோமார் முனையில் படகு இரண்டாகப் பிளந்து அக்கா ஒரு கரையிலும் தங்கை மறு கரையிலும் ஒதுங்கி இரண்டு இனமாய்ப் பெருகினார்களே, அன்றிலிருந்து நாம் கேலி முறைக்காரர்கள். ஜோலாக்காரனைக் கண்டால் எந்தச் செரேரின் நாக்கு சும்மா கிடக்கும்? வாசலிலேயே, "வாடா என் அடிமை! யாராவது ஓடிப்போய்க் களஞ்சியத்துல தானியத்தை அளந்து வையுங்க, சோத்துத் திருடன் வந்துட்டான்" என்றேன். ஊரே சிரித்தது. பதிலுக்கு அவர் என் பாட்டனையே இழுப்பார் என்று காத்திருந்தேன். அவரோ திரும்பி நடந்துவிட்டார். நம் தீவின் சிப்பித் தரையில் திருடன்கூடச் சத்தமில்லாமல் போக முடியாது. பாலம் வரைக்கும் அவர் காலடியில் சிப்பி நொறுங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மார்செய்யிலேயே பிறந்தவருக்கு நம் முறை தெரியாது என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. அலையாத்தி வேரில் ஒட்டிய சிப்பியைப் பெயர்க்கத் தெரிந்த எனக்கு வாயை மூடத் தெரியவில்லை. தப்பு என்னுடையது. கல்யாணத்தை நிறுத்திவிடாதே.

அப்பா லத்தீர்

மார்செய்
21 பிப்ரவரி

அப்பா,

நிறுத்தியது நான் இல்லை, அன்சுவின் அப்பா. அந்த வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டாராம். அன்சு அவரை மீறமாட்டான். அது நம் முறை என்றால், 'அடிமை என்பதுமா முறை?' என்கிறார். அவருக்கே மன்னிப்புக் கேட்டு எழுதுங்கள். மரியாதையாக. ஒரு கேலிகூட வேண்டாம்.

தெனிங்

ஃபாதியூத்
5 மார்ச்

மகளே,

எழுதிவிட்டேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, 'தங்கள் பணிவுள்ள' என்று முடித்தேன். பக்கத்து வீட்டு வாலி வாங்கிப் படித்துவிட்டு, "யாராச்சும் செத்துட்டாங்களா? ஜோலாக்காரனுக்கா இப்படி?" என்றான். தபாலில் போட்டுவிட்டு வந்தால் சோறு இறங்கவில்லை. பரவாயில்லை. நீ நன்றாக இருந்தால் போதும்.

அப்பா

மார்செய்
2 ஏப்ரல்

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை ஜாட்டா மாமா பெருமையாகக் கொண்டுபோய், துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு ஜோலாப் பெரியவரிடம் காட்டியிருக்கிறார். படித்ததும் அவர் முகம் கறுத்துவிட்டதாம். "செரேர்க்காரன் உன்னை ஐயாங்கிறானா? அப்ப நீ அவனுக்குச் சொந்தமே இல்லன்னு தள்ளிட்டான். அவனை என்ன பண்ணித் தொலைச்சே?" என்று கேட்டாராம். மாமா நடந்ததைச் சொல்ல, பெரியவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் அடிமை என்று சொல்லிக்கொள்வதுதான் இந்த உறவு என்று அவர் விளக்கியதும், மாமா நேரே என்னிடம் வந்தார். வந்த கையோடு பேனா கேட்டார். கீழே இருப்பது அவர் எழுதியது.

உங்கள் தெனிங்

அடேய் அடிமை,

மே மாதம் வருகிறேன். களஞ்சியத்தைப் பூட்டி வை. இந்தத் தடவை தானியத்தோடு பெண்ணையும் தூக்கிக்கொண்டு போவேன். இன்னொரு முறை என்னை ஐயா என்று எழுதினாயோ, தொலைந்தாய்.

உன் எஜமான்
ஜாட்டா