காதுகுத்துக்கு முன் எடுத்த படம்

சிதம்பரம்
08.03.2024

அன்புத் தங்கை மலர்க்கொடிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். மச்சானின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவனை வாசலோடு அனுப்பிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி.

ஆமாம், எனக்கு முன்பே தெரியும். இருமலென்று மச்சான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தவனே நான்தான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின் நிழல் வலப்பக்கம் புடைத்துத் தெரிந்தது. "பெருந்தமனி வீங்கியிருக்குது, வால்வுலயும் சுண்ணாம்பு படிஞ்சிருக்குது. சீக்கிரம் சி.டி. எடுக்கணும். வெயிட்டு தூக்கவே கூடாது" என்றார் டாக்டர். அன்று வியாழன். ஞாயிறு வெண்மதிக்குக் காதுகுத்து. நல்ல காரியம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று படத்தை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

உன் பிள்ளை என் மடியில் இருந்தாள். ஆசாரி ஊசியை எடுத்த நேரம் மச்சான் சோற்று அண்டாவைத் தூக்கக் குனிந்தார். பார்த்தேன், மலர். தாய்மாமன் பாதியில் எழுந்தால் ஆகாதென்று உட்கார்ந்தே இருந்தேன். அவர் விழுந்த பிறகுதான் எழுந்தேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

பாவி அண்ணன்,
இளவரசு


தாழங்குடா, கடலூர்
15.03.2024

அண்ணனுக்கு,

நேற்று அவருடைய நீலச் சட்டையை மடிக்கும்போது பையில் ஒரு சீட்டு இருந்தது. 'திங்கள் காலை சி.டி., வெறும் வயிற்றில் வரவும்.' கீழே அவரே போட்ட கையெழுத்து. காதுகுத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை படகு இழுக்கக் கூப்பிட்டவர்களிடம், "இன்னிக்கு முடியாதுப்பா, வீட்டுல வேலை ஜாஸ்தி" என்றார். ஒருநாளும் அப்படிச் சொல்லாதவர்.

என்னிடம் சொல்லக் கூடாதென்று உன் வாயைக் கட்டியது அவர்தானே? செத்தவர் மேல் பழி வேண்டாமென்று நீ ஏற்றுக்கொண்டாய். அதை நினைத்து நிறைய அழுதேன். ஆனாலும் கோபம் தீரவில்லை, அண்ணா. ஆம்பளைகள் இரண்டு பேரும் உங்களுக்குள் முடிவு செய்துகொண்டீர்கள். எனக்குத் தெரிந்திருந்தால் அந்த அண்டாவை நான் தூக்கியிருப்பேன்.

வால்வுக் கோளாறு பிள்ளைக்கும் இருக்கலாமாம். எக்கோ பார்க்கச் சொல்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வெண்மதியோடு வருகிறேன், பஸ் ஸ்டாண்டில் நில். புது ஆளைக் கண்டால் அழுவாள். நீயே மடியில் வைத்துக்கொள்.

நல்லதோ கெட்டதோ, முதலில் என்னிடம் சொல்.

மலர்க்கொடி