பெர்த்தலோ அம்மாவை நான் நீக்கவில்லை

அன்பு மகளுக்கு,

தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகள் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வலை இழுக்கும் இயந்திரத்தில் விரல்களைப் பறிகொடுத்து, நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்ட இறால் படகுத் தொழிலாளிக்கு நான் வக்கீல். ஜூரிகளைத் தேர்ந்தெடுத்த அன்று பெர்த்தலோ என்ற அம்மா எழுந்து, "கேஸ் போடறவங்களக் கண்டாலே எனக்குப் பிடிக்காதுங்க" என்று பட்டென்று சொன்னார். காரணம் சொல்லாமல் சிலரை நீக்க எங்களுக்கு உரிமை உண்டு. என் கூட்டாளி டூசே காதைக் கடித்தான்: "முதல்ல இந்தம்மாவத் தூக்குங்க சார்!" அவனுக்குத் தலையாட்டிச் சிரிப்பவர்களைத்தான் பிடிக்கும். கடைசியில் கழுத்தறுப்பவர்களும் அவர்கள்தான்.

நான் வாதாடவில்லை. "ஏன்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கண்ணன் சொந்தத் தம்பி மேலயே கேஸ் போட்டு ஜெயிச்சாரு. அப்புறம் எங்க வீட்ல யாரும் சேந்து சாப்பிட்டதே இல்ல" என்றார். பிறகு என் கட்சிக்காரரைக் காட்டி மெதுவாக, "ஆனா இவர் சொல்றதக் காது குடுத்துக் கேப்பேன்."

அவரை வைத்துக்கொண்டேன்.

சற்று முன் ஜூரிகள் வெளியே வந்து, விபத்தன்று அவர் போட்டிருந்த கிழிந்த கையுறையை மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது பெர்த்தலோ அம்மாதான்.

கிறிஸ்துமஸ் விருந்தில் நீ, "உங்ககிட்ட பேசவே பிடிக்கலப்பா" என்றாய். நான் மூன்று வாதங்கள் வைத்தேன். மூன்றும் நல்ல வாதங்கள். நீ கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

ஞாயிறன்று இறால் கம்போ குழம்பு சமைக்கிறேன். வந்தால் நீ பேசு, நான் கேட்கிறேன்.

ஏன்மா?

அப்பா