தக்காளிப் பக்கத்தின் கடைசி வரி

அன்புள்ள அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன்.

காலையில் தையல் மிஷின் முன்னாலேயே அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்; இப்போது ஆபத்தில்லை, பயப்படாதே.

தக்காளி இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நல்லது என்று நூலகப் புத்தகத்தில் படித்துவிட்டு, இரண்டு மாதமாக அவருக்குத் தினமும் நறுக்கிக் கொடுத்தேன் அல்லவா?

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதையெல்லாம் எப்பவோ நிறுத்திட்டேன் டாக்டர். என் பொண்ணுதான் தக்காளி குடுக்குறாளே!" என்றார் அப்பா, பெருமையாக.

டாக்டர் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"தக்காளி சாப்பிடுங்க, வேணாங்கல. அதுக்காக மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?"

மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று புத்தகத்தில் அதே தக்காளிப் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது, அக்கா. சலிப்பான வரி என்று நான்தான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

நர்ஸ் மாத்திரையை நீட்டியபோது அப்பா என்னைத்தான் பார்த்தார். "போட்டுக்கட்டுமா, டாக்டரம்மா?" என்றார்.

தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

மதிய ஓய்வுக்காக வார்டு விளக்குகளை அணைத்துவிட்டார்கள், இத்துடன் முடிக்கிறேன்.

உன் தங்கை