சட்டத்தரணியிட்டைச் சொன்ன பொய்

செவ்வாய்க்கிழமை, மாசி 11

இண்டைக்கு நட்டஈட்டு வழக்குக்காக யாழ்ப்பாணம் போய்ச் சட்டத்தரணியைக் கண்டனாங்கள். பருத்தித்துறைச் சந்தையடியிலை வான் ஒண்டு பின்னாலை வந்து என்ரை சைக்கிளை இடிச்சு ஆறு மாசம். வலது கால் இன்னும் சரியா மடங்குதில்லை. தையல் மெஷின் மிதிக்க ஏலாமல் கிடக்கு.

எல்லாம் எழுதி முடிச்ச பிறகுதான் அவர் அதைக் கேட்டார். "பொழுதுபட்ட நேரம் எண்டுறியள். சைக்கிளிலை லைற் எரிஞ்சதோ, அக்கா?"

"ஓம்" எண்டிட்டன். பக்கத்திலை இருந்த என்ரை மனுசன் குனிஞ்சு நிலத்தைப் பாத்தார்.

பஸ்ஸிலை வரேக்கைதான் வாய் திறந்தார். "லைற் டைனமோ பழுதெண்டு தெரியும்தானே. ஏன் பொய் சொன்னனீ?"

"உண்மையைச் சொன்னால் பிழை முழுக்க என்ரை எண்டு ஆக்கிப்போடுவாங்கள்."

"வான்காரன் ஃபோன் கதைச்சுக்கொண்டு வந்தவன் எண்டதும் உண்மைதானே. இந்தப் பொய் பிடிபட்டால் அதை ஆர் நம்புவினம்?"

வெள்ளிக்கிழமை கோட்டுக்குக் குடுக்கிற சத்தியக்கடதாசியிலை கையெழுத்து வைக்கவேணும். நாளைக்குக் காலமை சட்டத்தரணிக்கு ஃபோன் எடுத்து உள்ளதைச் சொல்லப்போறன். கேட்டிட்டு வழக்கைக் கைவிட்டிடுவாரோ தெரியாது. லைற் இல்லாமல் வந்தவளை இடிச்சாலும் இடிச்சது இடிச்சதுதானே? அதையும் அவரிட்டைக் கேக்கவேணும்.