துவைக்கக் கூடாத ஜீன்ஸ்

ஜூன் 14, சனி

கத்திரி முடிந்து இரண்டு வாரம். வெயில் விட்டபாடில்லை. கொள்ளிடம் பக்கமிருந்து அனல் காற்று. லேபுக்கு லீவு. துணி துவைக்கும் நாள். மெஷின் இரண்டு சுற்று.

இரண்டு சுற்றிலும் சேராத பெரிய மனிதர் ஒருவர் உண்டு: என் வீட்டுக்காரர் செந்திலின் ஜீன்ஸ். பொங்கலுக்கு வாங்கியது. பதினோராயிரத்து ஐந்நூறு. ஆறு மாதம் துவைக்கக் கூடாதாம். துவைக்காமல் போட்டால்தான் முட்டியிலும் இடுப்பிலும் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி வெளுக்குமாம். ஜூலை 14 அன்றுதான் முதல் தண்ணீர். காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார். என் பிறந்தநாளுக்கு அந்தக் காலண்டரில் ஒரு புள்ளி கூடக் கிடையாது.

இனி செ. என்றே எழுதுகிறேன். முழுப்பெயர் எழுதும் மரியாதை இந்த மாதம் இல்லை.

செ. சொன்னது, நான் மனதுக்குள் சொன்னது:
- "பத்து வருஷம் உழைக்கும்." சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நானூற்றைம்பதுக்கு நான் வாங்கியது ஐந்தாவது வருடம் ஓடுகிறது.
- "இது துணி இல்ல, என்னோட டைரி மாதிரி." அப்படியானால் ஆணியில் தொங்கவிடாமல் மூடி வைக்கலாம்.
- "நாத்தம் அடிச்சா ஃப்ரீசர்ல வச்சா போதும், கிருமி செத்துடும்." எங்கள் லேபில் கிருமியைப் பத்திரமாக வைத்திருப்பதே ஃப்ரீசரில்தான்.

நாளைக்கு வாங்கி வைத்த வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் ஜீன்ஸ். மாமியார் ஃப்ரீசரைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "மாலதி, மீனை எடுத்து இன்னைக்கே குழம்பு வச்சிடும்மா."

உள்ளதைச் சொல்ல வேண்டும். தையல் பிரமாதம். உள்பக்கம் ஒரு நூல் பிசிறு இல்லை. அதற்கு இரண்டாயிரம் தரலாம். மிச்சமெல்லாம் பவுசு.

ஜூன் 17, செவ்வாய்

என் வெள்ளைக் கோட்டின் பின்பக்கம் பூராவும் நீலம். காலையில் மடிக்க நேரமில்லாமல் போட்டுக்கொண்டே ஸ்கூட்டரில் ஏறினேன். ஜீன்ஸின் சாயம் சீட்டில் ஒட்டி, சீட்டிலிருந்து எனக்கு. ரத்தம் எடுக்க வந்த ஒரு பெரியவர், "என்னம்மா, மைப்புட்டி மேல உக்காந்துட்டியா?" லேப் இருக்கும் புத்தூர் முழுக்க அப்படியேதான் நடந்திருக்கிறேன்.

செ.யிடம் சொன்னேன். "முதல் ஆறு மாசம் அப்படித்தான் சாயம் விடும். நீ வெள்ளையைத் தவிர்த்துக்க." லேபில் கலர் கோட்டு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

தக்காளி, உளுந்து, மாமியாருக்கு முழங்கால் தைலம். மறக்காமல் கேஸ் புக் பண்ண வேண்டும்.

மாமியாரும் என் கட்சிதான், ஆனால் அவர் கணக்கு வேறு. முடி வெட்டிக்கொண்டு வந்தாலும் சரி, சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் சரி, கொல்லையில் வாளி தயாராக இருக்கும். உடுத்தியிருந்ததை நனைத்து, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அதற்குப் பயந்து செ. இப்போதெல்லாம் சலூனுக்கு அரைக்கால் டிரவுசரில் போகிறார். நாற்பத்திரண்டு வயது. எங்கள் மேலூர் ரோடே சிரிக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

சாயங்காலம் மன்னார்புரம். சண்முகம் மாமாவுக்கு மறுபடி மூச்சு இரைப்பு. என் அம்மாவின் தம்பி. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அப்பா போனபின் என்னைப் படிக்க வைத்தது, காது குத்தியதிலிருந்து கல்யாணம் வரை சீர் செய்தது எல்லாம் அவர்தான். பிள்ளை இல்லை. உரிமையோடு மாப்பிள்ளை என்று கூப்பிட அவருக்கு இருப்பது செ. ஒருவர்தான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பேண்ட் சட்டை எடுக்க, பெரிய கடைத்தெருவில் செ.யைக் கூட்டிக்கொண்டு அரை நாள் அலைந்தார்.

செ. அதே ஜீன்ஸில். மாமா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்பிள்ளை, போன தடவையும் இதுதானே போட்டிருந்தீங்க?"

"எப்பவும் இதுதான் மாமா."

"என்ன விலைங்க?"

நான் முந்திக்கொண்டு ஆயிரத்து இருநூறு என்றேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு அங்கேயே மூச்சு நின்றிருக்கும்.

செ. போன் பேச வெளியே போனதும் மாமா குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதாம்மா?"

வருகிறது என்றேன். எரிச்சலாகத்தான் சொன்னேன். எதற்குக் கேட்டார் என்று யோசிக்கவில்லை. ராஜம் அத்தை (மாமா மனைவி) முருங்கைக்கீரை ஒரு கட்டு கொடுத்துவிட்டார். வரும் வழியெல்லாம் செ. கீரை ஜீன்ஸில் படாமல் தள்ளிப் பிடிக்கச் சொன்னார்.

ஜூன் 25, புதன்

மாமா புத்தூரில் ஆஸ்பத்திரியில். லேபிலிருந்து நடக்கிற தூரம். மதியம் போய்ப் பார்த்தேன். மாஸ்க் வழியாக ஏதோ சொன்னார், புரியவில்லை. நாளைக்குப் பேசலாம் மாமா என்றேன்.

ஜூன் 29, ஞாயிறு. மாமா வீட்டில்

டைரி கைப்பையிலேயே இருந்தது.

வெள்ளி விடியற்காலை போய்விட்டார். பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாலு மணிக்கு எடுத்தார்கள். கொள்ளி போட்டது அவர் அண்ணன் மகன். நேற்றுப் பால் தெளித்தாயிற்று. என்ன எழுதுவது. அவர் கண்ணாடி இன்னும் டி.வி. மேல் இருக்கிறது.

செ. ஒன்றரைக்கு ஆபீஸிலிருந்து வந்தார். ஜன்னல் வழியாகத் தெருவில் ஸ்கூட்டரைப் பார்த்தேன். நான் உள்ளே பெண்களோடு. ராஜம் அத்தை ஒரு தடவை தலையைத் தூக்கினார். "மாப்பிள்ளை வந்துட்டாராம்மா?"

"வந்துட்டார் அத்தை. வெளியில ஆம்பளைங்களோட நிக்கிறார்."

குளிப்பாட்டி முடித்ததும் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளையைக் கூப்பிடு என்று சத்தம். போய்ப் பார்த்தவர், பந்தலில் ஆளைக் காணோம் என்று திரும்பி வந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாலை வாங்கப் போயிருக்கார்" என்றேன்.

அரிசிக் கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்கள். அப்புறம் அடுத்தவருக்குப் போனது. மாலை எதுவும் வரவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆபீஸில் அவசரமாகக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மாமியாருக்கு முழங்கால் வீக்கம், பதினாறாம் நாளுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்பினேன். கொல்லையில் குளித்து, புடவையை நனைத்துவிட்டு உள்ளே வந்தால், படுக்கையறை ஆணியில் ஜீன்ஸ். மொடமொடப்பு குறையாமல். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்.

மாமியாரிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை அவர் எதை உடுத்தி வந்தார், எதை நனைத்தார்.

"எதையும் நனைக்கலையேம்மா. வாளி எடுத்து வச்சேன். 'நான் உள்ளேயே போகலம்மா, எதிர்ச்சாரியிலேயே நின்னுட்டு வந்துட்டேன், தீட்டு இல்லை'ன்னான். ஆபீஸ்ல அவசரமாம்ல?"

அவசரம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் நேராகக் கேட்டேன். மறைக்கக்கூட இல்லை. ஒரு மணி நேரம் எதிரே மருந்துக்கடை நிழலில் நின்றாராம்.

"உள்ள வந்தா அம்மா நனைக்கச் சொல்லுவாங்க. அன்னைக்கு இன்னும் பதினேழே நாள்தான் பாக்கி மாலதி. அஞ்சரை மாசம் வீணாப் போயிடும். நான் வாய்க்கரிசி போடலைன்னா அவருக்குத் தெரியவா போகுது?"

வீட்டுக்கு வந்து வேட்டி கட்டிக்கொண்டு போயிருக்கலாம். போக அரை மணி, வர அரை மணி. தோன்றவில்லையாம்.

நான் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியம். அரிசி களைந்து உலை வைத்தேன்.

ஜூலை 3, வியாழன்

கத்தரிக்கோலைக் கையில் எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். பிளீச்சிங் பவுடர் டப்பாவையும். இரண்டும் சின்னப்புத்தி. நான் கெடுத்துவிட்டால் சாகும்வரை அந்த ஜீன்ஸைப் பற்றித்தான் பேசுவார், மாமாவைப் பற்றிப் பேச மாட்டார்.

அருவருப்பாக இருக்கிறது. நாற்றம் காரணமில்லை. சாப்பிடும்போது அவர் விரல்களைப் பார்க்கிறேன். மாமாவின் வாய்க்கரிசி இந்த விரல்களில் இருந்திருக்க வேண்டும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். அத்தையிடம் மாலை என்று பொய் சொன்னது நான்தானே.

மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. நாலு தூறல். போய்விட்டது.

ஜூலை 6, ஞாயிறு

மதியச் சாப்பாடு. நான், செ., மாமியார். மாமியார் பேச்சோடு பேச்சாக, "பாவம், உங்க மாமா முகத்தை இவன் கடைசியாப் பார்க்கக்கூட முடியலை" என்றார்.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்தது.

"இல்ல அத்தை. அவர் உள்ள வந்தார். காலைத் தொட்டுக் கும்பிட்டு வாய்க்கரிசி போட்டார். உங்ககிட்ட ஏன் அப்படிச் சொன்னார்னு தெரியலை."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். பொய்தான். ஆனால் அதில் செ.க்கு ஒரு வழி விட்டிருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை. எழுந்து போய் ஜீன்ஸை வாளியில் போட வேண்டியது. மாமாவுக்கு மரியாதை செய்த மனிதர் என்று ஊருக்குள் இருந்துவிட்டுப் போகலாம். நானும் அந்தப் பொய்யை என் ஆயுசுக்கும் காப்பாற்றியிருப்பேன். சத்தியமாக.

செ. ரசத்தைப் பார்த்தார். அப்புறம் ஆணி இருக்கும் பக்கம் பார்த்தார்.

"இல்லம்மா. நான் படியே ஏறலை. இவ பொய் சொல்றா."

"ஏன்டா ஏறலை? ஆபீஸ்ல கூப்பிட்டாங்களா இல்லையா?"

செ.யின் கண் மறுபடி ஆணிப் பக்கம் போனது. மாமியாருக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. "அந்தப் பேண்டுக்காகவா?" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அவர் இலையை, நான் இந்த வீட்டுக்கு வந்த பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக, செ. எடுத்துப் போட்டார்.

பதினோராயிரத்து ஐந்நூறுக்கு அது தகுமா என்று ஆறு மாதமாகச் சண்டை போட்டிருக்கிறேன். முட்டாள். அந்த விலையை அவர் இன்னும் கொடுத்தே முடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவுதான் பேச்சு. மாமியார் மகனிடம் அதுகூட இல்லை. செ. இன்று ஆபீஸுக்குப் பழைய காக்கி பேண்டில் போனார். தியாகமாம். எனக்கு ஒன்றும் இளகவில்லை.

பதினாறுக்கு ராஜம் அத்தைக்கு எடுக்கும் புடவை: மாம்பழ மஞ்சள் வேண்டாம், சாம்பல் நிறம். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 12, சனி

மன்னார்புரம் போய் வந்தோம். மூன்று பேரும். செ. வேட்டி சட்டையில், தானாகவே கிளம்பி நின்றார். மாமியார் முழங்காலோடு பஸ் ஏறி வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார், மகன் பக்கத்தில் இல்லை.

படையல் முடிந்து பந்தி. எல்லோரும் கிளம்பும் நேரம் ராஜம் அத்தை பீரோவிலிருந்து ஒரு துணிக்கடைப் பையை எடுத்து வந்தார்.

"மாமா ஆடிக்குக் குடுக்கணும்னு வாங்கி வச்சாரும்மா. ஆஸ்பத்திரியில சேர்க்கிறதுக்கு முந்தின நாள். மூச்சு வாங்குது, வேண்டாம்னேன். கேக்கலை. ஆட்டோ பிடிச்சு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி வாங்கிட்டு வந்தார்."

உள்ளே ஒரு ஜீன்ஸ் பேண்ட். கருநீலம். எண்ணூற்றைம்பது ரூபாய் விலைச்சீட்டு பிரிக்காமலே இருந்தது.

"மாப்பிள்ளை எப்ப வந்தாலும் ஒரே பேண்ட்லதான் வர்றாரு, துவைக்கக்கூட மாத்துத் துணி இல்லை போல, கூச்சப்பட்டுக்கிட்டு மாலதி மறைக்கிறான்னு ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே இருந்தார். ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் உன்கிட்ட சொல்லப் பார்த்தார்."

மாஸ்க்குக்குள் சொன்னது அதுதான்.

செ. கை நீட்டினார். நான் நடுவில் புகுந்தேன்.

"அத்தை, அவர்கிட்ட குடுக்காதீங்க. அன்னைக்கு அவர் மாலை வாங்கப் போகலை. எதிர்ச்சாரியில நின்னுட்டுத் திரும்பிட்டார். நான்தான் பொய் சொன்னேன்."

மாமியார் தலை குனிந்துகொண்டார். செ. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்.

"தெரியும்மா" என்றார் அத்தை. "மருந்துக்கடையில நின்னது ஜன்னல்ல தெரிஞ்சுது." பையை என்னைத் தாண்டி அவர் கையில் வைத்தார். "வாங்கினவர் மாப்பிள்ளைக்குன்னுதான் வாங்கினார். நான் வச்சு என்ன செய்யட்டும்?"

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஆகிறது. பழையது ஆணியில், இன்னும் இரண்டு நாள். புதியது கட்டில் மேல், செ. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். விலைச்சீட்டில் அளவைப் பார்த்தேன். கல்யாணத்தின்போது செ.க்கு இடுப்பு முப்பத்திரண்டு. மாமா யாரையும் கேட்கவில்லை, கட்டிலிலிருந்து பார்த்ததோடு சரி. முப்பத்து நான்கு வாங்கியிருக்கிறார். சரியான அளவு.